ஒரு அடி பதினோரு அங்குலம்

செத்தவள் வாசலில் வண்டிக்குள் காத்துக்கொண்டிருக்க, தச்சர் கூடத்தில் டேப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“இன்னும் நாலு அங்குலம் ஜன்னல் பக்கம் தள்ளணும்,” என்றார், கட்டிலின் ஒரு காலைப் பிடித்தபடி. எதிர்க்காலைப் பிடித்திருந்தவர் வாளிக்காரரின் தம்பி. பிறந்ததிலிருந்து தான் சாப்பிட்ட தட்டைக்கூட இடம் மாற்றி வைத்திராத அந்த மனிதர், காலை ஏழு மணிக்குக் கட்டில் நகர்த்துகிறார். அதுவும் தச்சர் காட்டின பக்கமெல்லாம்.

வாளிக்காரர் நிலைப்படியில் நின்று பார்த்தார். ஆஸ்பத்திரியில் மனைவியை வண்டியில் ஏற்றி, தான் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்து இறங்கியவர், ‘கூடத்து நடுவில போட்டுடலாம்’ என்று சொல்லத்தான் உள்ளே நுழைந்தார். வந்து பார்த்தால் கூடத்துக்கு நடு என்று ஒன்று இல்லாமல் போயிருந்தது. பெரிய மேஜை சுவரோடு ஒதுங்கியிருந்தது. மரப்பெஞ்சு இடம் மாறி, கட்டிலின் தலைமாட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஜன்னலின் மரத்தட்டியில் சரியாகப் பாதி மட்டும் திறந்திருந்தது.

“என்னப்பா நடக்குது இங்க?”

“ரெண்டே நிமிஷம் முதலாளி. அக்காவை உள்ள கொண்டு வந்துடலாம்.”

“அக்காவைக் கொண்டு வர்றதுக்கு எதுக்கு டேப்பு?”

தச்சர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்தார், பிரித்துப் பார்த்தார், மறுபடி மடித்தார். வாளிக்காரருக்கு அந்தக் காகிதத்தைத் தெரியும். வெளிர்ப் பச்சையில் கட்டம் போட்டது. அதில்தான் அவள் மற்றவர்கள் வீட்டு அறைகளை வரைவாள்.

“அது என்ன?”

“அக்கா வரைஞ்சது. இன்னைக்குன்னு.”

“எப்போ வரைஞ்சா?”

“ரெண்டு மாசம் இருக்கும்.”

“எங்கிட்ட சொல்லவே இல்லையே.”

தச்சர் டேப்பை உள்ளே இழுத்துக்கொண்டார். “சொல்ல வேண்டாம்னாங்க. சொன்னா நீங்க பேரம் பேசுவீங்களாம்.”

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததை இருமலாக மாற்றிக்கொண்டு, கட்டில் காலைப் பார்த்தார்.

ஊருக்கெல்லாம் அவர் வாளிக்காரர். வாளி, குடம், கூடை, முக்காலி, நாற்காலி என்று பிளாஸ்டிக்கில் எதையெல்லாம் வார்க்க முடியுமோ அத்தனையும் மொத்த வியாபாரம். தெருவில் பாதிப் பேர் குளிப்பது அவர் கடை வாளியில். அவர் மட்டும் குளிப்பது தகர வாளியில். கல்யாணமான மூன்றாம் வருஷம் அவள் சொல்லிவிட்டாள்: “கடை கடையோட இருக்கட்டும். வீட்டுக்குள்ள பிளாஸ்டிக் வேண்டாம்.” அவரும் லேசில் விடவில்லை. சோப்பு டப்பாவாவது வரட்டும் என்றார். துணி காயப்போடும் கிளிப்பாவது என்றார். எதிராளி நூலளவும் இறங்காமல் முடிந்த பேரம் அவர் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

அவள் ஓவியம் வரைகிறவள். துணியில் வரைந்ததோடு நிற்காமல், மனிதர்கள் குடியிருக்கிற அறைகளையும் படம் மாதிரி அமைத்துக் கொடுப்பாள். ஒரு சுவருக்கு நிறம் முடிவாவதற்குள் ஆள் உயர அட்டைகளில் பூசி, சாய்த்து வைத்து, ஒரு வாரம் பார்ப்பாள். விடிந்ததும் ஒரு தரம், வெயில் ஏறினதும் ஒரு தரம், விளக்குப் போட்டதும் ஒரு தரம். இந்தக் கூடத்துச் சாம்பல் நிறத்துக்குப் பதின்மூன்று அட்டை. வாளிக்காரருக்குப் பதின்மூன்றும் ஒன்றுதான். வேலைக்கு வந்திருந்த தச்சர்தான் போகிற போக்கில், “ஏழாவதுல நீலம் கொஞ்சம் தூக்கலா இருக்கே அக்கா,” என்றார். அவள் சட்டென்று திரும்பினாள். அப்போது அவள் முகத்தில் வந்த வெளிச்சம் இருக்கிறதே, அதை வாளிக்காரர் பார்த்தார். நிறம் தெரியாத கண்ணுக்கும் அது தெரிந்தது.

அன்றைக்குப் பிடித்தது. பதினெட்டு வருஷம் ஆகிறது, இன்னும் விடவில்லை.

சந்தேகம் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. சந்தேகமாக இருந்திருந்தால் சுலபம். ஒருநாள் உட்காரவைத்து, கேட்டு, சண்டை போட்டு, தீர்த்திருக்கலாம். இது வேறு. ஒரு கதவுக் கீலுக்காக, உள்ளங்கையில் அடங்குகிற பித்தளைக் கீலுக்காக, அவர்கள் இரண்டு பேரும் நாலு மணி நேரம் பேசுவார்கள். நடுவில் வாளிக்காரர் போய் உட்காருவார். பேச்சு நிற்காது. அவர் பக்கம் திரும்பவும் திரும்பாது. ‘கீல் சத்தம் போடக்கூடாது, ஆனா மூடிடுச்சுன்னு கைக்குத் தெரியணும்’ என்பாள் அவள். தச்சர் கண்ணை மூடிக்கொண்டு கீலை மடக்கிப் பார்ப்பார். சத்தம் போடாத கீலைப் பற்றி ஒரு மனிதன் என்னதான் பேசுவது? வாளிக்காரர் எழுந்து போய்விடுவார்.

கூப்பிடுகிற முறையிலும் ஒரு முள் இருந்தது. அவளுக்கு ‘அக்கா’, இவருக்கு ‘முதலாளி’. அக்கா வீட்டுக்காரரை மாமா என்று கூப்பிட்டால் வாய் சுளுக்கிக்கொள்ளுமா? சொந்த மகளே தச்சரை ‘மாமா’ என்றுதான் கூப்பிடுகிறாள்.

அவளை உள்ளே கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். மகளும் மனைவியின் தங்கையும் மடக்குத் தட்டி ஒன்றை இழுத்து மறைத்துக்கொண்டு உடுப்பு மாற்றினார்கள். அவளுடைய உடுப்பும் ஊரறிந்த விஷயம். முழங்காலுக்குக் கீழே இறங்குகிற, ஒரே வெட்டில் தைத்த அங்கி, இரண்டு பக்கமும் டேப்பும் பென்சிலும் போடுகிற பெரிய பை. அப்படிப் பதினாறு உருப்படி. கருநீலத்தில் ஆரம்பித்துச் சாம்பலில் முடியும். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறம். ஏன் என்று கேட்டால், “எல்லாம் ஒத்துப்போனா யாரும் பார்க்கமாட்டாங்க,” என்பாள். எந்த விசேஷத்துக்கும் அதே உடுப்பில் வந்து நிற்பாள். பட்டும் நகையுமாக வந்தவர்கள் வீட்டுக்குப் போய்த் தங்கள் கண்ணாடியைச் சந்தேகமாகப் பார்த்துக்கொள்வார்கள்.

வாளிக்காரரின் வெள்ளைச் சட்டையைப் பற்றி மட்டும் அவள் ஒரு தரம்தான் கருத்துச் சொல்லியிருக்கிறாள். “சட்டைன்னா சட்டை.” அது பாராட்டா, நக்கலா என்று இருபத்தொன்பது வருஷமாக முடிவாகவில்லை.

தட்டிக்குப் பின்னாலிருந்து மகளின் குரல் வந்தது. “மாமா, கருநீலம் ரெண்டு இருக்கு. எந்தப் பொத்தான்?”

தச்சர் காகிதத்தைத் திருப்பினார். “பச்சைம்மா.”

வாளிக்காரர் தட்டிக்கு இரண்டு அடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார். அவரும் பச்சை என்றுதான் சொல்லியிருப்பார். கேட்டால்தானே.

அதற்குமேல் தாங்கவில்லை. தச்சரிடம் போய்க் கையை நீட்டினார். “கொடு, பாத்துட்டுத் தர்றேன்.”

“இல்ல முதலாளி, இன்னும் நாற்காலி போடற வேலை...”

“தின்னுட மாட்டேன்.”

காகிதத்தை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டார். அந்த வீட்டில் தாழ்ப்பாள் என்று பார்த்தவுடன் தெரிகிற தாழ்ப்பாள் அங்கே மட்டும்தான் உண்டு. மற்ற கதவுகளிலெல்லாம் எங்கேயோ அழுத்த வேண்டும். தகர வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, காகிதத்தை மடியில் விரித்தார்.

மேலேயிருந்து பார்த்த மாதிரிக் கூடம். கட்டில் ஒரு நீளக் கட்டம். தலை எந்தப் பக்கம் என்பதற்கு ஒரு கோடு. பெஞ்சு. ஒன்பது சின்னக் கட்டங்கள்; அவை வீட்டில் இருக்கிற ஒன்பது மர நாற்காலிகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அவளுடைய பொடி எழுத்து. கால்மாட்டில் ‘மகள்’. அவளுக்கு அடுத்து ‘தங்கை, கைக்குட்டை கொண்டுவர மாட்டாள், வைக்கவும்’. சுவரோரம் ‘கொழுந்தன், ஜன்னல் பக்கம் வேண்டாம், காற்றுப் பட்டால் தூங்கிவிடுவார்’. நிலைப்படிக்கு வலது பக்கம் ஒரு சின்னச் சுத்தியல் படம். தச்சர் அங்கே நிற்க வேண்டும். வாசல் மூலையில் வளைவாக ஒரு கோடு இழுத்து ‘செருப்பெல்லாம் இங்கே’. இடையிடையே, எந்த அறையை வரைந்தாலும் போடுகிற மாதிரி, இரண்டு பக்கமும் அம்பு போட்ட அளவுகள்: மேஜைக்கும் ஜன்னலுக்கும் இவ்வளவு அடி, கட்டிலுக்கும் பெஞ்சுக்கும் இவ்வளவு அடி இவ்வளவு அங்குலம்.

வாளிக்காரர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பத்திலிருந்து பார்த்தார். மூலை மூலையாகப் பார்த்தார். காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் உடுப்பு, பொத்தான், மூக்குக்கண்ணாடி போடக்கூடாது என்கிற குறிப்பு. அவ்வளவுதான்.

செருப்புக்கு இடம் இருந்தது. அவருக்கு இல்லை.

வெளியே வந்தவர் தச்சரைக் கையைப் பிடித்துப் பின்கட்டுக்கு இழுத்துப் போனார். அங்கே துணிக்கொடியில் அவருடைய இரண்டு வெள்ளைச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன.

“எல்லாருக்கும் இடம் போட்டிருக்கா. என் தம்பிக்குப் போட்டிருக்கா. உனக்குப் போட்டிருக்கா. நான் எங்கய்யா?”

தச்சர் அந்தக் கேள்வியை எதிர்பார்த்திருந்தவர் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டார். “நானும் கேட்டேன் முதலாளி.”

“என்ன சொன்னா?”

“‘அவர் ஒரு இடத்துல உக்கார்ற ஆளா? அவருக்குன்னு இடம் போட்டா, அங்க மட்டும் உக்கார மாட்டார்’னாங்க.”

“அவ்வளவுதானா?”

“சிரிச்சாங்க.”

“எதுக்குச் சிரிச்சா?”

“தெரியல முதலாளி. அப்புறம் அலமாரிக் கீல் பத்திப் பேச்சு போயிடுச்சு.”

வாளிக்காரர் கொடியில் கிடந்த சட்டையின் கையைப் பிடித்துப் பார்த்தார். காய்ந்திருந்தது. விட்டுவிட்டார். பிறகு காகிதத்தைத் தச்சரிடம் கொடுத்துவிட்டு, போனை எடுத்துக் கிடங்குக்கு அடித்தார்.

“கை வச்ச நாற்காலி இருக்கில்ல, பெரிசு. நாற்பது ஏத்தி அனுப்பு.”

மறுமுனையில் கிடங்குப் பொறுப்பாளர் தயங்கினார். “சரிங்க. வெள்ளையா ஏத்திடறேன். எந்த மண்டபத்துக்குங்க?”

“வெள்ளை வேண்டாம். ஆரஞ்சு. வீட்டுக்கு.”

“வீட்டுக்கா?”

“என் வீட்டுக்குத்தான்யா.”

கிடங்குப் பொறுப்பாளர் இருபது வருஷமாக வேலை பார்க்கிறவர். அந்த வீட்டுச் சட்டம் அவருக்கும் தெரியும். ஆரஞ்சுதானா என்று இன்னொரு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு, “இதோ ஏத்தறேங்க,” என்றார்.

தச்சர் மெல்ல வாயைத் திறந்தார். “முதலாளி, அக்கா ஒன்பது நாற்காலிதான் போட்டிருக்காங்க. மத்தவங்க நின்னு பாத்துட்டுப் போறாப்பலதான்...”

“வர்றது நூறு பேர். பாதிப் பேருக்கு முட்டிவலி. அவங்களை என்ன பண்ண, ஆணி அடிச்சுச் சுவத்துல மாட்டட்டுமா?”

முக்கால் மணி நேரத்தில் நாற்காலிகள் வந்துவிட்டன. ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, ஆள் உயரத்துக்கு நாலு தூண். தச்சர் முகம் சுண்டிப்போய் நின்றார். ஆனால் நின்றுகொண்டே இருக்கவில்லை; தானே போய் இரண்டு கையிலும் இரண்டிரண்டாகத் தூக்கி வந்து சுவரோரம் பிரித்துப் போட்டார். கோணாமல், ஒரே வரிசையில், இடைவெளி பிசகாமல் போட்டார். சண்டை போட்டிருந்தால் வாளிக்காரருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இது இன்னும் எரிந்தது.

போட்டு முடித்ததும் கூடம் என்ன மாதிரி இருந்தது என்று சொல்ல வேண்டும். மழைக்கு முந்தின வானம் மாதிரிச் சாம்பல் சுவர், பாதித் திறந்த தட்டி வழியாக அடக்கி ஒடுக்கி வருகிற வெளிச்சம், எண்ணெய் தேய்த்த மரம், கருநீலத்தில் அவள். அந்த அமைதிக்கு நடுவில் மூன்று சுவரோரமும் நாற்பது ஆரஞ்சு நாற்காலிகள், சந்தை இரைச்சல் மாதிரி. வாளிக்காரர் ஓரமாக நின்று அதை முழுசாகப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். மறுத்துச் சொல்ல ஆளில்லாத பேரம் சப்பென்றுதான் இருக்கிறது.

பத்து மணிக்குமேல் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் கடைத்தெரு ஆட்கள். அவர்கள் வந்தார்கள், வாளிக்காரரின் கையைப் பிடித்தார்கள், பழக்கப்பட்ட நாற்காலியைப் பார்த்து நிம்மதியாக உட்கார்ந்தார்கள். பிறகு அவளுடைய ஆட்கள். ஓவியர்கள், கட்டடக்காரர்கள், அவள் வீடு அமைத்துக் கொடுத்தவர்கள். இவர்கள் உடனே உட்காரவில்லை. நிலைப்படியில் நின்று முதலில் கூடத்தைப் பார்த்தார்கள். பிறகுதான் அவளைப் பார்த்தார்கள்.

வீட்டு அலங்காரத்துக்கென்றே பத்திரிகை நடத்துகிற அம்மாள் ஒருத்தி, குட்டையாக வெட்டிய நரைமுடியோடு வந்தாள். இந்தக் கூடத்தைப் படம் பிடித்து மூன்று தடவை போட்டவள். உள்ளே காலடி எடுத்து வைத்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வாளிக்காரர் நிமிர்ந்து நின்றார். வரட்டும், கேட்கட்டும், இது என் வேலை என்று சொல்ல வாக்கியம்கூடத் தயாராக இருந்தது.

“கடைசி அறையையும் அவங்களே பண்ணி வச்சுட்டுப் போயிருக்காங்க பாருங்க,” என்றாள் பத்திரிகைக்கார அம்மாள், கூட வந்தவர்களிடம், தழுதழுத்த குரலில். “இவ்வளவு சாம்பலுக்கு நடுவுல இந்த ஆரஞ்சு. அதுவும் பிளாஸ்டிக்குல. யாருக்கு வரும் இந்தத் துணிச்சல்? அவங்க உடுப்புல அந்த ஒத்தைப் பொத்தான் மாதிரியே.”

கூட வந்தவர்கள் தலையாட்டினார்கள். ஒருத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வாளிக்காரர் தொண்டையைச் செருமினார். “அது நம்ம கடையிலேர்ந்து வந்ததும்மா.”

“தெரியும் சார். உங்க கடையிலேர்ந்தே எடுத்திருக்காங்க. அதுலதான் விஷயமே இருக்கு.”

“இல்ல, அது வந்து...”

இதற்குள் நிலைப்படியில் நின்ற தச்சர் குறுக்கே வந்தார். “இல்லம்மா. நாற்காலி முதலாளி யோசனை. அக்கா வரைஞ்ச படத்துல அது கிடையாது.”

பத்திரிகைக்கார அம்மாள் வாளிக்காரரைப் பார்த்தாள். வெள்ளைச் சட்டையைப் பார்த்தாள், பையில் குத்தியிருந்த இரண்டு பேனாவைப் பார்த்தாள். பிறகு, துக்கத்தில் ஏதோ பேசுகிறவரைத் தட்டிக்கொடுக்கிற மாதிரித் தச்சரின் தோளைத் தொட்டாள். “இருக்கட்டும்ப்பா,” என்றாள்.

இருபத்தொன்பது வருஷத்தில் அந்த வீட்டில் வாளிக்காரர் தன் இஷ்டத்துக்குச் செய்த காரியம் ஒன்றே ஒன்று. அதுவும் அவள் பேரில் போய்ச் சேர்ந்தது. அதைத் தடுக்கப் பார்த்த ஒரே ஆள் தச்சர் என்பது அதைவிட மோசம். ஒரு ஆள்மீது பொறாமைப்பட்டால் முழுசாகப் படவாவது விட வேண்டும். இப்படி நடுவில் வந்து நல்லவனாகிவிட்டால் என்ன செய்வது?

மத்தியானம் தாண்டியது. வாளிக்காரர் உட்காரவே இல்லை. வாசலுக்குப் போனார், வந்தார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார், செருப்புகள் கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்த்தார். எங்கே போனாலும் அந்த இடம் யாருக்கோ ஏற்கெனவே போட்டு வைத்த இடமாகவே தெரிந்தது. தம்பி ரொம்ப நேரமாக இதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உடம்பைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். மர நாற்காலியிலிருந்து மாறி உட்கார்ந்திருந்த ஆரஞ்சு நாற்காலியையே கையில் எடுத்துக்கொண்டார்.

“அண்ணே, காலையிலேர்ந்து பம்பரமா சுத்தறே. விழுந்தேன்னா உனக்கு வேற நாங்க ஓடணும். உக்காரு.”

“எனக்கு வேண்டாம்டா.”

“வேண்டாம்னா சரியா போச்சா? எங்க போடறேன்னு பாரு.” சுற்றிலும் பார்த்தார். சுவரோரம் நிரம்பியிருந்தது. கட்டிலைச் சுற்றி மர நாற்காலிகள், பெண்கள். ஒரே ஒரு இடம்தான் காலியாகத் தெரிந்தது. தலைமாட்டில், கட்டிலுக்கும் பெஞ்சுக்கும் நடுவில், சுவரில் போய் முட்டுகிற ஒரு சந்து. தம்பி நாற்காலியோடு அங்கே போனார்.

தச்சர் மூன்று எட்டில் வந்துவிட்டார். “ஐயா, அங்க வேண்டாம். அது வழி.”

“வழியா? எங்க போற வழி? அந்தப் பக்கம் சுவருய்யா.”

“என்னவோ ஐயா. விடச்சொல்லி அக்கா அளவு போட்டிருக்காங்க. காலையிலேர்ந்து யாரையும் விடாமத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்.”

உண்மைதான். காலையில் அங்கே போய் நின்ற ஒரு பெரியம்மாளை அவர்தான் தயவாகக் கையைப் பிடித்து வேறு பக்கம் கூட்டிப்போனார். அதற்குப் பிறகு அங்கே ஒதுங்கப் பார்த்த வாளிக்காரரையும்.

“எதுக்குன்னு தெரியுமா?” என்றார் தம்பி.

“அதுதான் எனக்கும் புரியல. ஆள் போற வழின்னா ரெண்டு அடி போடுவாங்க. தாராளமா வேணும்னா ரெண்டரை. இது ஒண்ணு பதினொண்ணு. ஒரு அடி, பதினோரு அங்குலம். அப்படி ஒரு அளவு அக்கா எந்த வீட்டுலயும் போட்டு நான் பார்த்ததில்ல.”

“புரியாமலேதான் காவல் காக்கிறியா?”

“அக்கா போட்ட அளவு ஐயா,” என்றார் தச்சர். அதற்குமேல் காரணம் வேண்டியதில்லை என்கிற மாதிரி இருந்தது குரல்.

வாளிக்காரர் இதையெல்லாம் பாதிக் காதில்தான் வாங்கிக்கொண்டு நின்றார். காகிதத்தில் அந்த அளவைப் பார்த்தபோது அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. தச்சு வேலையில் அடியும் அங்குலமும். அவர் வியாபாரத்தில் அடி கிடையாது. வாளியின் வாயானாலும் நாற்காலியின் அகலமானாலும் வெறும் அங்குலம்தான். ஒரு அடிக்குப் பன்னிரண்டு. அதோடு பதினொன்று.

இருபத்திமூன்று.

கை வைத்த நாற்காலி, பெரிசு: அகலம் இருபத்திரண்டரை. வைக்க எடுக்க அரை அங்குலம் கூட விடணும். மண்டபக்காரர்கள் போன் செய்து, ‘நம்ம கூடத்துக்கு ஒரு வரிசையில எத்தனை பிடிக்கும்’ என்று கேட்டால், தூக்கத்தில் எழுப்பினால்கூட இருபத்திமூன்றால் வகுத்துச் சொல்கிறவர் அவர். அந்த வீட்டு மர நாற்காலி எதுவும் பதினேழு அங்குலத்தைத் தாண்டாது.

மூன்று மாசத்துக்கு முன்னால் ஒருநாள், டாக்டரைப் பார்த்துவிட்டு, அவள் கிடங்குக்கு வந்தாள். கிடங்குக்குள் அவள் கால் வைத்து வருஷக்கணக்கு ஆகியிருந்தது. அவர் ஒரு தொட்டி வியாபாரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ‘பேசிட்டு வாங்க’ என்றுவிட்டு, குவியலிலிருந்து ஒரு ஆரஞ்சு நாற்காலியை அவளே உருவிப் போட்டு உட்கார்ந்தாள். பேரம் படிய ஒரு மணி நேரம் ஆயிற்று. திரும்பி வந்தபோது அவள் டேப்பை உடுப்புப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். “என்ன, குடோனையும் மாத்தப்போறியா?” என்று கேட்டார். அவள் நாற்காலிக் கையைத் தட்டினாள். “உக்கார நல்லாத்தான் இருக்கு,” என்றாள். கிண்டல் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அவர் சாயங்காலம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

“கொடுடா,” என்றார் தம்பியிடம்.

நாற்காலியை வாங்கினார். தச்சர் ஒரு எட்டு ஒதுங்கி வழிவிட்டார். வாளிக்காரர் நாற்காலியைச் சந்தின் வாயில் வைத்து, இரண்டு கையாலும் மெல்ல உள்ளே தள்ளினார். எங்கேயும் இடிக்கவில்லை, உரசவில்லை. இழுப்பறை மூடுகிற மாதிரி உள்ளே போய் நின்றது. அவர் அதில் உட்கார்ந்தார்.

தச்சர் குனிந்து பார்த்தார். நாற்காலிக்கும் கட்டிலுக்கும் நடுவில் சுண்டுவிரலைக் கொடுத்தார், போகவில்லை. பெஞ்சுப் பக்கம் கொடுத்தார், அங்கேயும் போகவில்லை. நிமிர்ந்தபோது அவர் முகம், ஏழாவது அட்டையைப் பார்த்த அன்றைக்கு மாதிரி இருந்தது. ஆனால் இந்தத் தரம் என்னவென்று அவருக்குப் பிடிபடவில்லை.

“கச்சிதமா உக்காந்திருச்சே முதலாளி.”

“ம்.”

“எப்படி இது?”

வாளிக்காரர் அவரை ஏறிட்டுப் பார்த்தார். ஒரு வார்த்தை போதும். இருபத்திமூன்று என்று சொன்னால் அந்த மனிதருக்கு எல்லாம் புரிந்துவிடும், புரிந்து, அழுதுகூடவிடுவார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அந்தச் சந்தைக் காத்து வைத்தவர்.

“நாற்காலின்னா நாற்காலி,” என்றார் வாளிக்காரர்.

தச்சர் இன்னொரு தரம் அந்த இடுக்கைக் குனிந்து பார்த்தார். பிறகு தன் இடத்துக்கு, நிலைப்படியின் வலது பக்கத்துக்குத் திரும்பிப் போனார். அங்கிருந்தும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

தச்சருக்குத் தெரியாத ஒன்று அந்த வீட்டில் இப்போது இருந்தது. வாளிக்காரர் அதை வாயில் போட்ட மிட்டாய் மாதிரிக் கடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். ஆனால் அது முழுக்க இனிப்பாகவும் இல்லை. அப்படியானால் அவர் நாற்காலிகளைப் போன் பண்ணி வரவழைத்ததும் அவள் கணக்குத்தானா? கோபம் வரும், எதையாவது செய்வார், செய்தால் இதைத்தான் செய்வார் என்று கட்டம் போட்ட காகிதத்தில் முன்கூட்டியே இடம் விட்டு வைத்தாளா? இந்த ஒரு நாற்காலிக்கு மட்டுமா, நாற்பதுக்குமா? தனக்கென்று ஒரு கோபமாவது மிச்சம் வைத்தாளா, இல்லையா? கேட்க வேண்டியவள் பக்கத்தில்தான் இருந்தாள். காதோரத்து நரைமுடி ஒன்று தலையணையில் பிரிந்து கிடந்தது. அங்கிருந்து பார்த்தால், ஜன்னல் வெளிச்சம் கண்ணில் அடிக்காமல் கூடம் முழுக்கத் தெரிந்தது. அவர் அந்தக் கூடத்தை உட்கார்ந்து பார்த்ததே இல்லை.

நாலு மணி ஆனது. வண்டியைப் பின்னுக்கு எடுத்து வாசலோடு நிறுத்தினார்கள். மகள் அம்மாவின் உடுப்பை ஒரு தரம் நீவி, பச்சைப் பொத்தானை நேராக்கினாள். ஆட்கள் கட்டிலைச் சுற்றி வந்தார்கள். தலைமாட்டில் பிடிக்கத் தச்சர் வந்து நின்றார்.

“முதலாளி, கொஞ்சம் எந்திரிங்க. நாற்காலி இருந்தா தூக்க முடியாது.”

வாளிக்காரர் எழுந்தார். நாற்காலியை வெளியே இழுத்தார். வைக்க இடம் தேடினார். எல்லாப் பக்கமும் ஆட்கள். அதற்குள் அவளைத் தூக்கிவிட்டார்கள். கூட்டம் வாசலைப் பார்த்து நகர்ந்தது, அவரும் நகர்ந்தார்.

வண்டிக் கதவை மூடினார்கள். வண்டி ஆள் நடக்கிற வேகத்தில் கிளம்பியது. தெருவில் எல்லாரும் பின்னால் நடந்தார்கள். முன்னால் வெள்ளைச் சட்டையும், அதன் பக்கத்தில் காற்றில் ஆடுகிற ஆரஞ்சு நாற்காலியும் போயின.

தெருமுனை வருவதற்குள் தச்சர் வேகமாக நடந்து வந்து அவரோடு சேர்ந்துகொண்டார். கையை நீட்டினார்.

“குடுங்க முதலாளி. நான் போய் வச்சுட்டு வந்துடறேன்.”

வாளிக்காரர் வண்டியைப் பார்த்துக்கொண்டே, நாற்காலியை அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தார்.